வேகமா வாசிச்சா பெரிய ஆளா?

2003-இல் அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை, உலகின் தலைசிறந்த 100 கிடாரிஸ்டுகள் என்று ஒரு பட்டியல் போட்டது. முதலிடம் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். நூறு பேரில் பெண்கள் இரண்டே பேர்: ஜோனி மிட்செல், ஜோன் ஜெட். 2023-இல் அதே பத்திரிகை எண்ணிக்கையை 250 ஆக்கியது. இந்த மாதிரிப் பட்டியல்களை நம்ம பசங்க படிக்கிற விதம் இருக்கிறதே, வேதம் ஓதுகிற மாதிரி. அம்பத்தூர் ஓ.டி.யிலோ, ஆவடி செக்போஸ்ட் பக்கமோ, பூந்தமல்லி டிரங்க் ரோடு டீக்கடையிலோ கிடார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற நாலு பேரிடம் "யார் பெரிய கிடாரிஸ்ட்?" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது. ஹென்ட்ரிக்ஸா, ஜிம்மி பேஜா, ஸ்டீவ் வாயா, மால்ம்ஸ்டீனா என்று ஒரு மணி நேரம் ஓடும். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தமிழ்ப் பெயர்கூட வராது.

வந்தாலும் எப்படி வரும் தெரியுமா? "நம்மாளுங்க நல்லாதான் மச்சி வாசிப்பாங்க, ஆனா அதெல்லாம் செஷன் ப்ளேயர்ஸ்."

அந்த "ஆனா"வோடுதான் இந்தக் கட்டுரைக்குச் சண்டை.

1

டீக்கடைச் சண்டையில் பொதுவாக மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி வேகக் கட்சி. ஒரு விநாடிக்கு எத்தனை ஸ்வரம் என்பதுதான் இவர்களுக்கு அளவுகோல். கிடார் இவர்களுக்கு வாத்தியம் இல்லை, ஸ்பீடாமீட்டர். அரை நிமிஷ ரீல்ஸில் ஒருவன் கழுத்துப் பலகையில் விரல்களை எலி ஓடுகிற மாதிரி ஓடவிட்டால் போதும், "லெஜண்ட்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்த அரை நிமிஷத்துக்கு முன்னாலும் பின்னாலும் பாட்டு என்று ஒன்று இருந்ததா என்று கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது கட்சி சாமான் கட்சி. எந்த கிடார், எந்த பெடல், எந்த ஆம்ப். இவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாணலி நல்லதாக இருந்தால் பஜ்ஜி தானாக வராது.

மூன்றாவது கட்சிதான் முக்கியம், ஏனென்றால் அது கொஞ்சம் யோசிக்கிற கட்சி. "சொந்தமாக எதை உருவாக்கினான் என்பதுதான் கேள்வி. ஹென்ட்ரிக்ஸ் ஒரு மொழியையே உண்டாக்கினார். ஸ்டுடியோவில் உட்கார்ந்து இன்னொருவர் எழுதித் தந்த நொட்டேஷனை வாசிக்கிறவர் தொழில்நுட்பக்காரர். கலைஞர் இல்லை" என்பது இவர்கள் வாதம். இலக்கியம் படிக்கிற நண்பர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்சியில்தான் இருக்கிறார்கள். ஆகவே இவர்களோடு பேசுவோம்.

2

1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் கிடார் வாங்குகிற பத்துப் பேரில் பாதிப் பேராவது அந்த முன்னிசையை வாசிக்கத்தான் வாங்குகிறார்கள். இசை இளையராஜா, பாட்டு வைரமுத்து, குரல் எஸ்.பி.பி. இதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். கிடார் வாசித்தது யார்?

ஆர். சந்திரசேகர். இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர்.

இந்தப் பெயர் உங்களுக்கு முன்பே தெரியும் என்றால் சந்தோஷம். தெரியாது என்றால் அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு தேசமே முணுமுணுக்கிற சத்தம் அது. அதை உண்டாக்கிய விரல்களின் பெயரை இசைத்தட்டு உறையோ கேசட் அட்டையோ நமக்குச் சொல்லவில்லை.

இப்போது மூன்றாவது கட்சி கை தூக்கும். "அதை எழுதியது ராஜா சார். அவரே கிடாரிஸ்ட். தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர், லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதித் தருகிறவர். சந்திரசேகர் அதை வாசித்தார், அவ்வளவுதானே?"

அந்த "அவ்வளவுதானே"வைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கிடாரில் முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் ஒரு ஸ்வரம் வரும். அதே ஸ்வரம், அதே உயரத்தில், இரண்டாம் தந்தியின் 5-ஆவது ஃப்ரெட்டிலும் இருக்கிறது. மூன்றாம் தந்தியின் 9-ஆவதிலும், நாலாம் தந்தியின் 14-ஆவதிலும் இருக்கிறது. காகிதத்தில் ஒரே புள்ளி. கிடாரில் நாலு இடம், நாலு நிறம். திறந்த தந்தி கணீரென்று ஒலிக்கும்; நாலாம் தந்தியில் அதே ஸ்வரம் தொண்டையடைத்த மாதிரி தடித்து வரும். பியானோவில் இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு ஸ்வரத்துக்கு ஒரு கட்டை, முடிந்தது. கிடாரிஸ்ட் ஒவ்வொரு புள்ளிக்கும் முடிவெடுக்க வேண்டும். எந்த இடம்? நகமா, விரல் சதையா, பிளெக்ட்ரமா? பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டுவதா, துளைக்கு மேலா? தந்தியை எவ்வளவு நேரம் அதிரவிட்டு எப்போது அணைப்பது? எழுதுகிறவரே கிடார்காரர் என்றால் விரல் இடத்தையும் குறித்துத் தரலாம். தந்தியில் எவ்வளவு எடை விழ வேண்டும் என்பதை எந்த நொட்டேஷனிலும் எழுத முடியாது.

அதோடு அந்தக் காலத்து ஒலிப்பதிவு. பாடகர், வயலின் வரிசை, தபலா, புல்லாங்குழல், பேஸ் என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்த தலைமுறை அது. ஒருவர் சறுக்கினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் கையில் காகிதம் வரும், சாயங்காலத்துக்குள் பாட்டு முடிந்திருக்க வேண்டும். இன்றைக்கு நாம் ஒரு வரியை நாற்பது தடவை வாசித்து, நல்லதை வெட்டி ஒட்டி, தாளத்தில் நகர்த்திவைக்கிற கம்ப்யூட்டர் வசதியோடு "அவர் நொட்டேஷனைத்தான் வாசித்தார்" என்று சொல்வது நாக்கு கூசாத பேச்சு.

நாடக ஆசிரியர் எழுதிய வசனத்தைப் பேசிய நடிகரைத் தொழில்நுட்பக்காரர் என்று நாம் சொல்வதில்லை. தியாகராஜர் கீர்த்தனையைப் பாடியவரை "காப்பி" என்று சொல்வதில்லை. கிடாரிஸ்ட் மட்டும் என்ன பாவம் செய்தார்?

சந்திரசேகர் ஒருவர் மட்டும் இல்லை. அதே குழுவில் சதா மாஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் சதானந்தம் இருந்தார். பேஸ் கிடாரில் சசிதரன் இருந்தார். எண்பதுகளின் ராஜா பாட்டு ஒன்றை நல்ல ஹெட்ஃபோனில் போட்டு, குரலை விட்டுவிட்டுக் கீழே என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். ரஹ்மானின் பாடல்களில் அந்த அடித்தளத்தைப் பல வருஷம் தாங்கியவர் கீத் பீட்டர்ஸ். அந்த பேஸை எடுத்துவிட்டால் பாட்டு தரையில்லாத வீடு. எடுத்துவிட்டால் எது விழும் என்று கேட்பதுதான் என் அளவுகோல். எத்தனை ஸ்வரம் என்பது இரண்டாம் பட்சம்.

3

வேகக் கட்சி வழிபடுகிற சாமிகளின் கதையையே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம்.

1965, பர்மிங்ஹாம். டோனி அயோமிக்கு 17 வயது. தகர வேலை செய்கிற தொழிற்சாலை. வேலையை விட்டுப் போகிற கடைசி நாள். மெஷினில் கை மாட்டி, வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர். அதாவது தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. இனி வாசிக்க முடியாது என்று உட்கார்ந்திருந்தவரிடம் அவருடைய ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928-இல் ஒரு தீவிபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தபின், மீதி இரண்டு விரலை வைத்தே சோலோ வாசித்த ஆள் ஜாங்கோ. அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்குத் தொப்பி செய்துகொண்டார். தடித்த தந்தி வலித்ததால் மெல்லிய தந்தி போட்டார். பின்னாளில் தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த, இருண்ட சத்தத்தில் இந்தச் சமாளிப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெவி மெட்டல் என்கிறோமே, அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று ஒரு ஷாப் ஃப்ளோர் விபத்து.

இந்தக் கதையை லண்டன்காரன் ராக் புராணமாகக் கேட்பான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்கு இது பிரஸ் ஷாப் கதை. பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பாடியிலிருந்து ஆவடி டேங்க் ஃபேக்டரி வரை ஷிப்ட் முடிந்து சைக்கிளிலும் பஸ்ஸிலும் திரும்பிய அப்பாக்களின் பிள்ளைகள் நாம். அயோமியின் பெருமை வேகத்தில் இல்லை, கைக்கு மிச்சமிருந்ததை வைத்து என்ன செய்தார் என்பதில் இருக்கிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு ஆள், ஜேம்ஸ் ஜேமர்ஸன். அமெரிக்காவின் மோடவுன் கம்பெனியில் அறுபதுகள் முழுக்க பேஸ் வாசித்தவர். வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் தந்தியை மீட்டுவார். ஒரே விரல்! உலகமே அந்தப் பாட்டுகளுக்கு ஆடியது. அவரும் மாதச் சம்பளக்காரர் மாதிரி ஸ்டுடியோவுக்குப் போய் வந்த செஷன் ப்ளேயர்தான். மோடவுன் ஆல்பத்தில் அந்த வாத்தியக்காரர்களின் பெயர் முதன்முதலாக முறையாக அச்சானது 1971-இல், மார்வின் கேயின் ஆல்பத்தில். ஜேமர்ஸன் 1983-இல் இறந்தார். அவரையும் கூட்டாளிகளையும் பற்றிய ஆவணப்படம் வந்தது 2002-இல். இன்றைக்கு எந்த பேஸ் கிடாரிஸ்டைக் கேட்டாலும் அவர் பெயர்தான் முதலில். அப்படியானால் "செஷன் ப்ளேயர்" என்பது தகுதிக் குறைவு இல்லை. பெயர் தெரிவதற்கு முன்னால் இருக்கிற நிலைமை, அவ்வளவுதான்.

ஹென்ட்ரிக்ஸுமே அப்படித்தான். தன் பெயரில் வெளிவருவதற்கு முன்னால் ஐஸ்லி பிரதர்ஸுக்கும் லிட்டில் ரிச்சர்டுக்கும் பின்னால் நின்று வாசித்தார். நம்ம பாஷையில் சொன்னால் கச்சேரி ப்ளேயர்.

4

"கச்சேரி ப்ளேயர்" என்பதும் நம்ம பக்கம் ஒரு வசவு. அதையும் பார்த்துவிடலாம்.

ஆடி மாசம். திருவேற்காடு தொடங்கி கொரட்டூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம் வரை எந்த அம்மன் கோயில் தெருவிலும் மெல்லிசை மேடை இருக்கும். ராத்திரி ஒன்பதரைக்குத் தொடங்கி, கூழ் ஊற்றின களைப்பெல்லாம் போகிற வரை ஓடும். கிடாரிஸ்டுக்கு மேடையின் ஓரத்தில் இடம். மானிட்டரில் அவருக்குத் தன் சத்தமே கேட்காது. திடீரென்று பாடகர் திரும்பி, "அண்ணே, தொண்ட கட்டிருச்சு, அரைக் கட்ட எறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டுவார். அவர் வேலை முடிந்தது.

கிடாரில் அந்தப் பட்டன் கிடையாது. கேப்போ போட்டால் சுருதி ஏறும், இறங்காது. ஈ மைனரில் திறந்த தந்திகளை நம்பி அமைந்த பாட்டு அரைக் கட்டை இறங்கினால் அந்தத் தந்திகள் ஒன்றும் உதவாது. ஆறு தந்தியையும் இறக்க நேரமில்லை. டி மைனர் கையை வைத்து முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடலாம். ஆனால் இருபது வருஷமாக விரலுக்குப் பழகின இடமெல்லாம் மாறிவிடும். டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி நாலு எண்ணுவதற்குள் இதை முடிவு செய்தாக வேண்டும். "வாசிங்கண்ணே" என்ற சத்தம் வரும்போது கை தயாராக இருக்க வேண்டும். கீழே நிற்கிற ஜனத்துக்கு எதுவுமே நடந்ததாகத் தெரியக்கூடாது.

தெரியாமல் இருப்பதுதான் அந்த வித்தை. ரீல்ஸில் வராத வித்தை.

இதைச் சொன்னால் ஒரு நியாயமான கேள்வி வரும்: "அப்போ மேடையில ஏறுற எல்லாருமே பெரிய கிடாரிஸ்டா?" இல்லை. சுருதி சேராமல், டிஸ்டார்ஷனை முழுசாகத் திறந்துவிட்டு, பாடகர் மூச்செடுக்கிற இடத்திலெல்லாம் புகுந்து நிரப்புகிற கச்சேரி கிடாரிஸ்டுகளும் இருக்கிறார்கள். மோசமான வாசிப்பு மோசமான வாசிப்புதான். நான் சொல்வது, நல்ல வாசிப்பை எந்த மேடையில் தேட வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள் என்பது. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேருக்கு முதல் மேடை ஞாயிற்றுக்கிழமை சர்ச். மீதிப் பேருக்கு ஆடி மாசம். இரண்டிலும் முதல் பாடம் ஒன்றுதான்: பாடுகிறவர் யார், அவருக்கு இப்போது என்ன வேண்டும் என்று காதைத் திறந்து வை.

5

வேகத்தை நான் கேலி செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வேகத்தைப் பாவம் என்று சொல்கிறவர்கள் இன்னொரு வகை போலிகள். ஜான் மெக்லாஃப்லினைவிட வேகம் காட்டுவது கஷ்டம். அந்த வேகத்தோடு அவர் என்ன செய்தார்? டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் உட்கார்ந்தார். கமகத்துக்காகத் தன் கிடாரின் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்துச் செதுக்க வைத்தார், தந்தியை ஆழமாக அழுத்தி வளைக்க வசதியாக. வேகம் அவரிடம் இருந்தது. கேட்கிற பணிவும் இருந்தது. 2024-இல் சக்தியின் ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தபோது நம்மூரில் கைதட்டியவர்கள், அந்தக் கிடாரின் மரத்தை மாற்றியது நம்ம இசை என்பதையும் கவனித்திருக்கலாம்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு கதை. "கிடாரில் ஃப்ரெட் இருக்கிறது, கர்நாடக இசை வராது" என்று ஒரு காலத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். வீணையில் 24 மெட்டுகள் இருப்பதை அந்த நேரத்துக்கு மறந்துவிடுவார்கள். சுகுமார் பிரசாத் எண்பதுகளிலேயே எலக்ட்ரிக் கிடாரில் கர்நாடகக் கச்சேரி செய்தார். பிறகு, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராணிப்பேட்டைக்காரர் பிரசன்னா அதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். கிடாருக்குப் பங்காளியான மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் செய்தது எல்லோருக்கும் தெரியும். இரட்டைத் தந்திகள் கமகத்துக்குத் தடை என்று ஐந்து ஒற்றைத் தந்திகளோடு எலக்ட்ரிக் மாண்டலின் வாசித்தார். 2014-இல் 45 வயதில் போய்விட்டார்.

இவர்கள் கருவியின் மொழியையே மாற்றியவர்கள். மூன்றாவது கட்சி சொல்கிற "உருவாக்கம்" இதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருவாக்கம் ஒரு வகைப் பெருமை. தாங்குவது இன்னொரு வகை. கோபுரம் கட்டியவனையும் அஸ்திவாரம் போட்டவனையும் ஒரே பட்டியலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறுத்துவது பட்டியல் போடுகிறவனின் சோம்பேறித்தனம். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: அயோமி, ஜாங்கோ, மெக்லாஃப்லின், சந்திரசேகர் எல்லோரும் கையை நம்பியதற்கு முன்னால் காதை நம்பியவர்கள்.

6

இதெல்லாம் ரசனைச் சண்டை, இதில் என்ன இழப்பு என்று கேட்பீர்கள். இழப்பு இருக்கிறது. காசில் இருக்கிறது.

2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தங்கள் நிகழ்த்துதல் வணிகரீதியாகப் பயன்படுத்தப்பட்டால் நிகழ்த்துநர்களுக்கு ராயல்டி உண்டு என்று அது சொல்கிறது. நல்லது. அதே திருத்தத்தில், யார் 'நிகழ்த்துநர்' என்பதற்கு ஒரு விதிவிலக்கும் சேர்ந்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டிலில் உட்பட எங்குமே போடப்படுவதில்லை என்றால், ஒரு சிறு உரிமையைத் தவிர மற்றபடி அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார்.

துணை நடிகர்களை மனதில் வைத்து எழுதின மாதிரி இருக்கிறது, சரி. நிலாப் பாட்டின் முன்னிசையைத் 'துணை' என்று எந்தக் காதுள்ள நீதிபதியும் சொல்ல மாட்டார் என்று நம்பலாம். ஆனால் அந்த வாக்கியத்தின் தர்க்கத்தைக் கவனியுங்கள். பெயர் போடாதது தொழிலின் வழக்கம். அந்த வழக்கமே உரிமையை மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாகவும் ஆகிறது. பெயர் என்பது வெறும் மரியாதை இல்லை. பெயர் இருக்கிற இடத்தில்தான் பங்கு கேட்க முடியும். எம்.பி. சீனிவாசன் மாதிரியானவர்கள் சென்னையில் சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் வைக்கப் போராடியது சும்மா இல்லை. ரஹ்மான் ஆல்பங்களின் அட்டையில் வாசித்தவர்களின் பெயர்கள் வரத் தொடங்கியபோது அது ஒரு பெரிய காரியமாகப் பேசப்பட்டதும் சும்மா இல்லை. இன்றைக்கு அட்டையே கிடையாது. செயலியில் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று மூன்று பேரோடு பெரும்பாலும் கதை முடிகிறது. எல்லையில்லாத இடம் இருக்கிற திரையில் ஒரு வரி சேர்க்க இடமில்லையாம்.

"அதெல்லாம் செஷன் ப்ளேயர்ஸ்" என்று டீக்கடையில் நாம் சொல்கிற வாக்கியமும், பெயரை விட்டுவிடுகிற கம்பெனியின் வழக்கமும் ஒரே குடும்பம். நாம் கேட்காத பெயரை அவர்கள் ஏன் போடுவார்கள்?

ஆகவே அடுத்த முறை யாராவது "டாப் டென் கிடாரிஸ்ட்" என்று தொடங்கினால் தடுக்க வேண்டாம், தாராளமாகப் போடட்டும். ஹென்ட்ரிக்ஸை முதலிலேயே வைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள். உனக்கு ரொம்பப் பிடித்த பத்துத் தமிழ்ப் பாட்டைச் சொல், அதில் கிடார் வாசித்தது யார் என்று பத்துக்குப் பத்து சொல்லிவிட்டு உன் பட்டியலை ஆரம்பி என்று கேளுங்கள். 'மூடுபனி'யில் (1980) பிரதாப் போத்தன் கிடாரோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிலிருந்தே தொடங்கலாம். அந்தக் கையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சத்தம் வந்தது வேறு கையிலிருந்து.